கடின உலர்வு

கோழிக்கூட்டின் ஓட்டை விழுந்த மூலையில் கவிழ்த்து வைத்திருக்கிற மங்கிய தங்க நிறத் துண்டை நீங்கள் இரண்டு பேரும் நாள்தோறும் பார்க்கிறீர்கள். அது ஒரு ராசாவின் நெஞ்சுக் கவசம். உங்கள் அக்கா அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது உங்களில் ஒருவருக்கு நாலு வயது, மற்றவருக்கு ஆறு. ஒரு நாள் நுளம்பு வலையைப் பறிகொடுத்தது மட்டும்தான் உங்களுக்கு நினைவிருக்கும். மிச்சக் கதையை மாமா சொல்லித் தந்திருக்கிறார்.

போன பொங்கலுக்கு வந்தபோதும் சொன்னார். "அந்தத் தண்ணிப் பரலில பெயின்ற்றை ஒட்டப் பண்ணினதே நான்தான், தெரியுமோ?" நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டீர்கள். நான் பக்கத்தில் இருந்து பொங்கல் புக்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாய் நிறைய இருந்தபடியால் ஒன்றும் சொல்லவில்லை. விழுங்கி முடிக்கிறதுக்குள் அவர் அடுத்த பொய்க்குப் போய்விட்டார். ஆகவே உங்கள் அப்பா நான் இதை எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளை அக்கா திருத்துவாள். ஆனால் நடந்ததைத் திருத்த அவளையும் விடமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் போட்டிக்கு ஒரு நாடகம் பழக்கினார்கள். இரண்டு ராசாக்கள் ஒரு குளத்துத் தண்ணீருக்காகச் சண்டை பிடித்து, கடைசிக் காட்சியில் கட்டிப்பிடித்து சமாதானம் ஆவார்கள். பெரிய ராசா வேசம் உங்கள் அக்காவுக்கு. பெட்டைப் பிள்ளைக்கு ராசா வேசமா என்று விசுவமடுச் சந்தியில் ஒருவர் கேட்டார். அவருக்கு அக்காவின் தொண்டையைத் தெரியாது. வயலில் கிளி கலைத்துப் பழகிய தொண்டை அது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஒலிவாங்கி எப்போதும் பழுது. அதனால் நாடகம் பழக்கிய சேருக்கு வேறு வழியும் இல்லை.

சின்ன ராசா வேசம் அவளோடு படிக்கிற ஒரு பெடியனுக்கு. அவனுடைய வீட்டார் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு உடுப்பு எடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். உடுப்பின் படத்தைக் கைபேசியில் காட்டினார்கள். சிவப்பு வெல்வெற் துணி, அதற்கு மேலே மினுங்குகிற பொட்டுகள். இதுதான் கவசமாம். அம்பு வந்தால் துணியில் வழுக்கி விழுந்துவிடும் என்று நினைத்தார்களோ தெரியாது.

அந்தச் சேர் என்னைப் பள்ளிக்கூட வாசலில் மறித்தார்.

"அண்ணை, ராசா எண்டா மின்னவேணும். மட்டைப் பெட்டியில தங்கத்தாள் ஒட்டிக்கொண்டு வந்திடாதேங்கோ. போனமுறை ஒருத்தர் கொண்டு வந்தவர், வேர்வையில ஊறி நடுமேடையில விழுந்தது."

"நான் நல்ல கெட்டியாச் செய்து தாறன், சேர்."

"இல்லாட்டி நான் வேசத்தை மாத்தவேண்டி வரும். பெரிய ராசா சின்ன ராசாவை விட மங்கலாய் நிண்டால் ஆர் அண்ணை நம்பும்? அந்தப் பெடியனிட்ட உடுப்பு ஆயத்தம்."

அதாவது வேசத்துக்கு ஆள் இல்லை, உடுப்புக்குத்தான் ஆள். இதைக் கண்டுபிடிக்க அவர் நாடகத்தில் பட்டம் எடுத்திருக்கிறார்.

அக்கா சேருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள். அவளுடைய வசனம் மட்டுமில்லை, நாடகத்தில் உள்ள எல்லாருடைய வசனமும் அவளுக்குப் பாடம். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போதுகூட "நில் மன்னா" என்றுதான் சொல்லுவாள். மாடும் நிற்கும். அந்த வேசம் பறிபோனால் அவள் அழமாட்டாள். ஆனால் இனி வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். அது எனக்குத் தெரியும்.

மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற நீல பிளாஸ்ரிக் பரல் அந்த வருடம் அடி வெடித்துவிட்டது. அதை நிமிர்த்திப் பார்த்தபோது எனக்கு ராசாவின் நெஞ்சு தெரிந்தது. வளைவு அப்படியே கிடந்தது. சனிக்கிழமை முழுவதும் இருந்து மரம் அறுக்கிற வாளால் அறுத்து, நெஞ்சுக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு, கைக்கு இரண்டு என்று ஐந்து துண்டு வெட்டி, ஓரத்தை அராவி, நாடா கோக்க ஓட்டையும் போட்டேன். அம்மா கூட நல்லாயிருக்கு என்று சொன்னா. அம்மா அப்படிச் சொல்வது அபூர்வம். அந்த இடத்தில் மாமா வந்தார்.

மாமாவை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கொழும்பில் இரண்டு வருடம் கட்டட வேலைக்கு நின்றவர். கட்டடத்தில் எந்த வேலை என்று இன்றுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை. அதனால் அவருக்கு எல்லா வேலையும் தெரியும்.

"அத்தான், எனாமல் அடியுங்கோ," என்றார். "கோயில் கேற்றுக்கு அடிக்கிற தங்கக் கலர். எனாமல் பிடிக்காத சாமான் உலகத்தில இல்லை."

"பிளாஸ்ரிக்கில பிடிக்குமே?"

"கொழும்பில கண்ணாடிக்கே அடிக்கிறாங்கள்."

"கண்ணாடிக்கு ஏன் அடிக்கிறாங்கள்?"

"அது அங்கத்தைய விசயம், அத்தான். உங்களுக்கு விளங்காது."

எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் போய்ச் சின்னப் பெயின்ற் ரின் ஒன்று வாங்கி வந்தேன். ரின்னின் பின்பக்கத்தில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. நான் தமிழை வாசித்தேன். அதைத் தமிழ் என்று சொல்வது அந்த எழுத்துக்குச் செய்கிற மரியாதை. "தொடு உலர்வு: 6 மணித்தியாலம். கடின உலர்வு: 24 மணித்தியாலம்." உலர்வதைப் பற்றி அவ்வளவுதான். யாருக்கு யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை.

நான் யோசித்தேன். கடினம் என்றால் கஷ்டம். ஆகவே உலர்வது கஷ்டமான இடத்தில், அதாவது மாரி காலத்தில், ஈரமான ஊரில், இருபத்துநாலு மணித்தியாலம் செல்லும். கஷ்டம் இல்லாத இடத்தில் ஆறு மணித்தியாலம். எங்கள் ஊரில் அந்தக் கிழமை வெயில் எப்படி அடித்தது என்றால், படங்கு விரித்து நெல்லைக் கொட்டினால் மத்தியானத்துக்குள் பல்லில் கடித்துப் பார்க்கலாம், டக்கென்று உடையும். இங்கே உலர்வதற்கு என்ன கஷ்டம்? ரின்காரன் குளிரூட்டின அறைக்குள் இருந்து எழுதியிருக்கிறான், அவனுக்கு வன்னி வெயில் தெரியாது என்று சிரித்தேன். தனியத்தான் சிரித்தேன். அதுதான் நான் செய்த ஒரே புத்தியான காரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலமை எட்டு மணிக்கு அடித்தேன். பரலைத் துடைத்தது அம்மாவின் பழைய துணியால். அதற்கு முதல்நாள் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் துடைத்த துணியும் அதுதான். நீலம் தெரியாமல் மறையட்டும் என்று ஒரே தடவையில் தடிப்பாக, ரொட்டிக்குச் சம்பல் பூசுகிற மாதிரிப் பூசினேன். பிறகு ஐந்து துண்டையும் படங்கில் நெல்லோடு நெல்லாய்ப் போட்டேன். நெல்லைப் பிரட்டும்போது கவசத்தையும் ஒருக்கால் பிரட்டிவிட்டேன். உமியும் தூசியும் அதில் ஒட்டின. அது தானாக விழும் என்று மாமா சொன்னார்.

இரண்டு மணிக்கு விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. இரண்டு மூன்று இடத்தில் பாலாடை மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. வேலைப்பாடு மாதிரி இருக்கு என்று மாமா சொன்னார். நானும் ஓம் என்றேன். பேப்பரில் சுற்றி, உரப்பையில் போட்டு, வாயைக் கட்டி வைத்தேன்.

திங்கட்கிழமை நானே மோட்டார்சைக்கிளில் கொண்டுபோனேன். மண்டபத்தில் பிள்ளைகள் வட்டமாய் நின்றார்கள். சேர் பையை அவிழ்த்தார். பேப்பர் வரமாட்டேன் என்றது. அவர் இழுத்தார். அரைவாசிப் பேப்பர் அவர் கையோடு வந்தது, அரைவாசி ராசாவின் நெஞ்சோடு நின்றது. நான் சுற்றிய பக்கம் மரண அறிவித்தல் பக்கம். பிறந்த நாளுக்கு மேலே மலர்வு என்றும் செத்த நாளுக்கு மேலே உதிர்வு என்றும் போடுவார்களே, அந்தப் பக்கம். சுற்றும்போது நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் விளையாட்டுப் பக்கத்தை எடுத்திருப்பேனே தவிர, பெயின்ற் காயவில்லை என்று யோசித்திருக்கமாட்டேன்.

முன்வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெட்டை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"சேர், ராசாட நெஞ்சில உதிர்வு எண்டு கிடக்கு."

மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கவசத்தை வாங்கி, பேப்பரோடேயே நாடாவைக் கட்டிக்கொண்டு, "தொடங்குவம் சேர்" என்றாள். தொடங்கினார்கள். முழு நாடகத்தையும் ஒரு சொல் பிசகாமல் நடித்தாள். கடைசிக் காட்சியில் சின்ன ராசா வந்து கட்டிப்பிடித்தான். விட்டு விலகியபோது, ராசாவின் நெஞ்சில் இருந்து ஒரு முழ நீளத்துக்குத் தங்கத் தோல் உரிந்து அவனுடைய வெள்ளைச் சட்டையோடு போனது. உள்ளே நீலப் பரல் மாடு குடித்த நாளில் இருந்தமாதிரியே பளபளவென்று இருந்தது. ஒரு சொட்டுப் பெயின்ற்கூட அதைப் பிடிக்கவில்லை.

"நாகராசா செட்டை கழட்டுறார்," என்று பின்னால் இருந்து ஒருவன் சொன்னான்.

நல்ல பகிடிதான். அது என் பிள்ளையைப் பற்றியதாக இல்லாமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அந்தப் பெடியனின் சட்டையில் பட்ட பெயின்ற்றும், அக்காவின் பள்ளிக்கூடச் சட்டையில் பட்ட பெயின்ற்றும் இன்றுவரை போகவில்லை. மண்ணெண்ணெயில் தோய்த்தோம், வெயிலில் போட்டோம், அம்மா கல்லில் அடித்தா. சட்டை கிழிந்தது, தங்கம் கிழியவில்லை. எதில் ஒட்டச் சொல்லிப் பூசினோமோ அதில் ஒட்டாது, எதில் படக்கூடாதோ அதை விடாது. இந்தக் குணமுள்ள மனிசரையும் நான் பார்த்திருக்கிறேன்.

சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணை, வியாழக்கிழமை காலமை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட அதிபர் நாடகத்தை உடுப்போட பார்க்க வாறார். அண்டைக்குச் சரியில்லாட்டி வேசத்தை மாத்துவன். என்னில குறை சொல்லக்கூடாது."

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்தாள். வாய்க்கால் மதகடி வந்ததும் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் இனி ஒண்டும் செய்யவேண்டாம். அவனே பெரிய ராசாவா நடிக்கட்டும். நான் சேருக்குச் சொல்லுறன்."

"ஏன், நான் திருத்தித் தரமாட்டனே?"

"மாமாட்டக் கேட்டோ?"



செவ்வாய்க்கிழமை விடிய, பெயின்ற் உரிந்த கவசத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பரந்தனுக்குப் போனேன். சந்திக்குக் கிட்ட ஓட்டோக்களின் பம்பருக்குப் பெயின்ற் அடிக்கிற ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர். மலைநாட்டில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். பம்பரும் பிளாஸ்ரிக், அதில் அடிக்கிற பெயின்ற் உரிகிறதில்லை என்பதைத் திங்கட்கிழமை பின்னேரம்தான் நான் யோசித்தேன். சனிக்கிழமை யோசித்திருக்கலாம்.

அவர் துண்டைக் கையில் வாங்கி, நகத்தால் ஒரு சுரண்டுச் சுரண்டினார். தங்கம் வாழைப்பழத் தோல் மாதிரி வந்தது.

"எங்கண்ணே காய வச்சீங்க?"

"வெயிலில."

"எப்புடி?"

"படங்கில போட்டு."

"நெல்லோடயா?"

 துண்டில் ஒட்டியிருந்த உமியை அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் கையில் வைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு மூக்கில் கோபம் ஏறியது. ஆனாலும் நின்றேன். வேலை தெரிந்தவன் சிரிப்பதும் மாமா சிரிப்பதும் ஒன்றில்லை.

"நெல்லு தண்ணிய விட்டுக் காயும்ணே. இந்தப் பெயின்டு காத்தக் குடிச்சுக் காயும். நீங்க தடிப்பா பூசி வெயில்ல போட்டா மேல தோல் கட்டிக்கிரும். அப்பறம் உள்ளுக்குக் காத்து எப்புடிப் போகும்? உள்ள களியாத்தான் கெடக்கும், எத்தன நாள் வச்சாலும்."

"அது சரி, ஏன் பரலைப் பிடிக்கேல்லை?"

அவர் குடித்துக்கொண்டிருந்த போத்தலில் இருந்து துண்டின் நீலப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு கீழே ஓடியது.

"பாத்தீங்களா? மெழுகு மாதிரி சாமான். தண்ணி உருண்டா பெயின்டும் உருளும். தண்ணி படிஞ்சு நிக்கிற வரைக்கும் நீங்க பிரஸ்ஸத் தொடாதீங்க."

சவர்க்காரத் தூளால் எண்ணெய் போகக் கழுவ வேண்டும், சாண்ட் பேப்பரால் பளபளப்புப் போகத் தேய்க்க வேண்டும், பிறகு அடுப்பு நெருப்பில் பட்டும் படாமல் ஒரு காட்டுக் காட்ட வேண்டும், அதன் பிறகு கைபடக் கூடாது. இவ்வளவையும் பம்பர் ஒன்றைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். நீங்களே அடித்துத் தாருங்கோ என்று கேட்டேன். இரண்டு கிழமை செல்லும் என்றார். வரிசையில் நின்ற ஓட்டோக்களைப் பார்த்தால் பொய்யில்லை.

வீட்டுக்கு வந்து பழைய பெயின்ற்றைச் சுரண்டினேன். கத்தி தேவைப்படவில்லை, தேக்கரண்டியே போதும். இவ்வளவு லேசாக ஒரு வேலையை நான் அழித்ததில்லை. உள்ளே இன்னும் ஈரம். ஆறு மணித்தியாலம் வெயில் குடித்த பெயின்ற் உள்ளுக்குள் பச்சை ஈரமாய் நாறியது. ரின்னைத் தூக்கி முற்றத்துக்கு அங்காலே வைத்துவிட்டு, துண்டுகளைக் கழுவித் தேய்த்தேன். அக்கா பள்ளிக்கூடத்தால் வந்தவள், உடுப்பு மாற்றாமல் குசினிக்கு நேரே உள்ள விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்று பார்த்தாள். கிட்ட வரவில்லை.

முதல் துண்டைக் குசினியில் காஸ் அடுப்பின் நெருப்புக்கு மேலே ஒரு வீச்சு வீசி எடுத்தேன். ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பாதி இடத்தில் தண்ணீர் படிந்தது, பாதி இடத்தில் உருண்டது.

"அந்தப் பக்கம் நெருப்பே படேல்லை, அப்பா," என்றாள் அக்கா, தூணில் இருந்தே.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் பயத்தில கையை இழுத்தனீங்கள்."

வந்து துண்டைப் பறித்து, துணியால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நெருப்புக்கு மேலே சீராக ஒரு இழுப்பு இழுத்தாள். மற்றத் துண்டுகளையும் அவளே காட்டினாள். ஆறின பிறகு தண்ணீர் ஊற்றினாள். கோடாய் ஓடாமல், ஈரத் துணி விரித்த மாதிரித் தண்ணீர் படிந்து நின்றது. இரண்டு பேரும் குனிந்து நின்று வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா குசினி வாசலில் நின்று, "சோறு பொங்கவேணும், ராசா கொஞ்சம் விலகுவாரோ?" என்று கேட்டா.

அதற்குப் பிறகுதான் அக்கா ரின்னை எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தாள்.

"அப்பா, இதில இருபத்துநாலு மணித்தியாலம் எண்டெல்லோ கிடக்கு. நீங்கள் ஏன் ஆறு மணித்தியாலத்தில எடுத்தனீங்கள்?"

"அது கடினமான இடத்துக்கு. எங்கட வெயிலுக்கு என்ன கடினம்?"

அவள் என்னைப் பார்த்தாள். ரின்னைப் பார்த்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு முதன்முதலாய்ச் சிரித்தாள். மரியாதையான சிரிப்பு என்று சொல்லமாட்டேன்.

"அப்பா, இது கஷ்டம் இல்லை. இங்கிலீசில ஹார்ட் எண்டு கிடக்கு. கல்லு மாதிரி இறுகிறது. தொட்டால் ஒட்டாமல் இருக்க ஆறு, உள்ளுக்கு இறுக இருபத்துநாலு."

"அப்ப இறுக எண்டு எழுதுறதுதானே? அதுக்குத் தமிழில சொல் இல்லையோ?"

"கீழ மெல்லியதாகப் பூசவும் எண்டும் கிடக்கு. அதுக்கு என்ன விளங்கினீங்கள்?"

அதையும் நான் வாசித்திருந்தேன். தெளிவான தமிழில்தான் கிடந்தது. மொழிபெயர்த்தவரை ஏசுவதற்கு என்று நான் எடுத்த மூச்சை அப்படியே விழுங்கினேன்.

அக்கா விரலை மடித்து எண்ணினாள். வியாழன் காலமை ஒன்பது மணிக்கு இறுகியிருக்க வேண்டும் என்றால் புதன் காலமை ஒன்பதுக்கு முதல் அடித்து முடித்திருக்க வேண்டும். ஒரு பூச்சுத்தான். இரண்டாவதுக்கு நேரம் இல்லை.

புதன்கிழமை காலமை ஆறு மணிக்கு அடித்தோம். நான் பூசினேன், அவள் பின்னால் வந்து பிரஸ்ஸால் இழுத்து மெல்லியதாக்கினாள். வெயில் படக்கூடாது, காற்று வரவேண்டும், பூச்சி வந்து இருக்கவும் கூடாது. அறுவடைக் காலத்தில் எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லை. அக்காதான் உங்கள் இரண்டு பேரின் நுளம்பு வலையைக் கழற்றி விறாந்தையில் கட்டினாள். அதற்குள்ளே ஐந்து துண்டும் கொடியில் தொங்கின. நீங்கள் அழுதது அதற்குத்தான். "ராசா வலைக்குள்ள, பிள்ளையள் நுளம்புக்கு," என்று அம்மா போகவர ஒவ்வொரு தடவையும் சொன்னா.

பின்னேரம் மூன்று மணிக்கு மாமா வந்தார். அக்கா அப்போதுதான் பள்ளிக்கூடத்தால் வந்து சோற்றுக் கோப்பையோடு இருந்தாள். மாமா வலைக்கு வெளியே நின்று தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தார்.

"நீலம் தெரியுது, அத்தான்."

தெரிந்ததுதான். மெல்லிய தங்கத்துக்குக் கீழே அங்கங்கே நீலம் நரம்பு மாதிரி ஓடியது. நான் காலமையில் இருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு பூச்சு குடுத்தால் ஜம்மெண்டு இருக்கும். நான் அடிச்சு விடுறன், நீங்கள் இருங்கோ." அவர் ரின்னைத் திறந்து பிரஸ்ஸைத் தோய்த்துவிட்டார்.  எனக்கும் மின்னுகிற ராசா வேண்டும் என்று இருந்தது. சேர் மங்கல் என்று சொன்னால் வேசம் போய்விடும் என்ற பயம். காயாவிட்டாலும் வேசம் போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அக்கா கோப்பையை வைத்துவிட்டு வந்து வலையின் ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம், மாமா."

"உனக்கு விளங்காது, பிள்ளை. ராசா மங்கலாய் நிண்டால் சனம் சிரிக்கும்."

"சனம் திங்கக்கிழமையே சிரிச்சிட்டுது, மாமா."

"அப்ப நாளைக்கு என்னைக் குறை சொல்லக்கூடாது."

"நீங்கள் ஒண்டும் செய்யாட்டி என்னெண்டு குறை சொல்லுறது?"

மாமா என்னைப் பார்த்தார், நான் அவளைக் கண்டிப்பேன் என்று. நான் தூணைப் பார்த்தேன். அவர் பிரஸ்ஸைக் கையில் பிடித்தபடியே படியிறங்கி, ரின்னுக்கு மேலே எறிந்துவிட்டுப் போனார். போகும்போது விறாந்தைப் படியில் ஒரு சொட்டு விழுந்தது. நீங்கள் பல்லாங்குழிக் கட்டை வைக்கிற இரண்டாம் படியில், ஓரமாய், தங்கப் பொட்டு ஒன்று இருக்கிறதே, அதுதான். அந்தக் கவசத்துக்காக மாமா செய்த முழுப் பெயின்ற் வேலையும் அந்த ஒரு சொட்டு. அது நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. அதற்காக அவரைப் பாராட்டலாம்.

வியாழக்கிழமை பேப்பரில் சுற்றவில்லை. அக்கா தானே ஐந்து துண்டையும் பழைய சீலையில் தொங்கவிட்டு, மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்து கையில் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். மண்டபத்தில் அதிபர் ஒரு கதிரையில் இருந்தார். சின்ன ராசா சிவப்பு வெல்வெற்றில் ஆயத்தமாய் நின்றான். நடக்கும்போது சரசரத்தது. பிள்ளைகள் எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

சேர் அக்காவின் கவசத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன அண்ணை, மங்கிப்போய்க் கிடக்கு. மின்னவேணும் எண்டெல்லோ சொன்னனான்."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன்.  அக்கா முந்திக்கொண்டாள்.

"சேர், தொட்டுப் பாருங்கோ."

சேர் ஒரு விரல் நுனியால், சாணியைத் தொடுகிற மாதிரித் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"அப்பிடியில்லை, சேர். அமத்திப் பாருங்கோ."

அவர் பெருவிரலை வைத்து அமத்தினார். நகத்தாலும் ஒரு கீறுக் கீறினார். நகம் வழுக்கியது. பெருவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திங்கட்கிழமை அவருடைய பெருவிரலில் இருந்த தங்கம் நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

"இன்னும் அமத்துங்கோ, சேர்," என்றாள் அக்கா. "நான் விழமாட்டன்."

அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரம் போகுது. ஆர் ராசாவோ அவை தொடங்குங்கோ."

சேர் கையை எடுத்துத் தன் காற்சட்டையில் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். "சரி, நீயே செய்," என்றார்.

நான் கதவடியில் நின்று பார்த்தேன். கடைசிக் காட்சியில் சின்ன ராசா கட்டிப்பிடிக்க வரவேண்டிய இடத்தில் இரண்டடி தள்ளி நின்றான். பாவம், வாடகை உடுப்பு. கறை பட்டால் வீட்டில் அவனுக்குத்தான் அடி விழும்.

"ஒட்டாதுதானே?" என்று மெல்லக் கேட்டான். நாடகத்தில் அப்படி வசனம் இல்லை.

அக்கா அவன் தோளைப் பிடித்து இழுத்து, நெஞ்சோடு நெஞ்சு முட்ட, எண்ணிப் பத்து வரைக்கும் விடாமல் இறுக்கிப் பிடித்தாள். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. உரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விட்டபோது இரண்டு பேருக்கும் நடுவில் நிலத்தில் நாலைந்து துகள் மினுங்கியது.  சேர் குனிந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார்.

வெல்வெற்றில் இருந்து கழன்று விழுந்த பொட்டுகள்.